கத்தி படவில்லை, மொட் போடட்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ‘மொரோவிண்ட்’ பற்றி நாலு வரி எழுதினேன், இந்த முறை கடிதப் பை முழுக்க அதுதான். 2002இல் வந்த ஒரு கம்ப்யூட்டர் கேமை இன்னும் இத்தனை பேர் கொழும்பில் விளையாடுகிறீர்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோசம். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையும் மொட் (ரசிகர்கள் கேமில் செய்து சேர்க்கும் மாற்றம்) பற்றியும் மட்டும் கதைப்போம்.

உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கிறேன். கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் மகன் மொரோவிண்ட் வாங்கி அனுப்பினார். ஒரு மொட்டும் போடாமல் விளையாடு, மொட் போட்டால் அது ஏமாற்று என்கிறார் அண்ணா. ரியூஷன் கூட்டாளிகள் 200 மொட் சேர்த்துக் கட்டிய பொதியை அப்படியே இறக்கு என்கிறார்கள். அசலாகத்தான் தொடங்கினேன். கத்தி எலியின் உடம்புக்குள்ளால் போகிறது, அடி விழவில்லை. நடை நத்தை மாதிரி. எங்கே போவது என்று காட்ட அம்புக்குறியும் இல்லை. யார் சொல்வது சரி? – மாணவன், வெள்ளவத்தை

தம்பி, முதலில் அந்த எலியைப் பார்ப்போம், ஏனென்றால் ஆட்களை இந்தக் கேமிலிருந்து ஓட வைப்பது அதுதான். கப்பலால் இறங்கி, சுங்க அலுவலகத்தில் பெயர் பதிந்துவிட்டு வெளியே வரும் வழியில் மேசையில் கிடந்த சின்னக் குத்துவாளைத்தானே எடுத்தீர்கள்? எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் உங்கள் பாத்திரத்தை உருவாக்கும்போது நீள்வாள் வீரனாகத் தெரிவு செய்திருப்பீர்கள், குத்துவாள் திறன் வெறும் 5இல் நிற்கும். அடி விழுமா இல்லையா என்பதைக் கேம் இப்படிப் பார்க்கிறது: ஆயுதத் திறனோடு சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கையும் கூட்டும், அப்படி வந்த தொகையை, களைப்பைக் காட்டும் பச்சைக் கோடு நிறைந்திருந்தால் 1.25 ஆலும் வெறுமையாக இருந்தால் 0.75 ஆலும் பெருக்கும். சுறுசுறுப்பும் அதிர்ஷ்டமும் 40 என்று வைத்தால், குத்துவாளோடு களைத்துப்போய் நிற்கும் ஆளுக்கு 100 வீச்சில் 13தான் பட வாய்ப்பு. திறன் 40 உள்ள நீள்வாளை எடுத்து, பச்சைக் கோடும் நிறைந்திருந்தால் 65. எதிரி விலகிக்கொள்ளும் கணக்கு இதற்கு வெளியே.

இனி, அந்தப் பச்சைக் கோடு ஏன் வெறுமையாக இருந்தது? நீங்கள் எலியிடம் ஓடிப் போனதால். ஓடினால் களைப்பு ஏறும் என்று அந்தக் கேமில் யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை, பெட்டிக்குள் வந்த கையேட்டைப் படித்து வளர்ந்த ஆட்களுக்காகச் செய்த கேம் அது. நடை நத்தை மாதிரி இருக்கிறது என்று ஓடுகிறீர்கள், ஓடுவதால் அடி விழவில்லை, அடி விழவில்லை என்று மொட் தேடுகிறீர்கள். எந்த வீச்சும் தவறாமல் படவைக்கும் மொட் இருக்கிறதுதான். அதைப் போட்டால் திறன் 5 உள்ளவனும் 80 உள்ளவனும் ஒரே மாதிரி அடிப்பார்கள், பிறகு திறனை வளர்த்து என்ன காண்பது? நீள்வாள் ஒன்று வாங்குங்கள், சண்டைக்கு முன்னால் நாலு அடி நடந்து போங்கள். அதுவே போதும்.

அம்புக்குறி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பாசம் இருக்கிறது. வெள்ளவத்தைக்குப் புதிதாக வரும் ஒருவருக்கு நீங்கள் எப்படி வழி சொல்வீர்கள்? 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி, சவோய் தியேட்டரடியில் இறங்கி, கடல் பக்கம் திரும்பி, மூன்றாவது கேற் என்றுதானே? மொரோவிண்டும் அப்படித்தான் சொல்கிறது. பால்மோரா என்ற ஊரில் உங்களை ஒரு பழைய இடிபாட்டுக்குள் போய்ச் சின்னக் கனசதுரப் பெட்டி ஒன்றை எடுத்துவரச் சொல்வார்கள். ஊரை விட்டுத் தெற்கால் வெளியேறி, ஆற்றைத் தாண்டி, கோட்டையைக் கடந்து, பழைய பாலத்துக்கு அப்பால் என்று வழி சொல்லியிருக்கும். போய்ச் சேர்ந்தால் வாசல் அடைத்துக் கிடக்கும். நான் அந்த மலையைச் சுற்றிச் சுற்றி வந்தேன், கடைசியில் சொன்னதைத் திரும்பப் படித்தபோதுதான் பக்கத்துக் குழாயில் ஒரு திருகுபிடி இருப்பது கண்ணில் பட்டது. அதைத் திருப்பியதும் கல் சுழன்று திறந்தது. உள்ளே போய் அந்தப் பெட்டியைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு மணித்தியாலம் போனது, ஏனென்றால் அது உள்ளங்கை அளவு சாமான், தட்டில் மற்றச் சாமான்களோடு சாமானாகக் கிடக்கும். அம்புக்குறி இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் அந்தக் குழாயும் திருகுபிடியும் இத்தனை வருடத்துக்குப் பிறகு என் நினைவில் இருந்திருக்காது.

இன்னொன்று. முதல் ஊரிலிருந்து காசு கொடுத்துப் பெரிய பூச்சியில் ஏறிப் போகாமல் ஒரு தடவை ரோட்டால் நடந்து போங்கள். கொஞ்சத் தூரத்தில் வானத்திலிருந்து கத்திக்கொண்டே ஒரு மந்திரவாதி விழுந்து செத்துப்போவார். அவரிடம் மூன்று சுருள்கள் இருக்கும். குதிக்கும் திறனை 7 விநாடிக்கு 1000 புள்ளியால் கூட்டும் சுருள்கள். படித்துவிட்டுக் குதித்தால் கேம் நடக்கும் தீவின் பாதி காலடியில் ஓடும், விழும்போது நீங்களும் அவரைப் போலவே சாவீர்கள், தரை நெருங்கும்போது இரண்டாவது சுருளைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் தப்புவீர்கள். நினைத்த இடத்துக்குத் தாவும் மொட்டை முதல் நாளே போட்ட ஒரு கூட்டாளிக்கு அப்படி ஒரு மனிதர் அந்தக் கேமில் இருப்பதே தெரியாது.

அதற்காக அண்ணா சொல்வது முழுக்கச் சரி என்று நினைக்க வேண்டாம். மொட் செய்யும் கருவியைத் தயாரிப்பாளர்களே இரண்டாவது சீடியாகப் பெட்டிக்குள் வைத்துத்தான் விற்றார்கள். செய்தவர்களே கையில் தந்த ஒன்று எப்படி ஏமாற்றாகும்? ‘மொரோவிண்ட் கோட் பேட்ச்’, ‘பேட்ச் ஃபோர் பியூரிஸ்ட்ஸ்’ இரண்டையும் இன்றைக்கே போடுங்கள். முதலாவது எஞ்சினில், அதாவது கேமை உள்ளிருந்து ஓட்டும் மென்பொருளில், உள்ள பிழைகளைத் திருத்துகிறது, அதில் கூடவே வரும் விருப்பத் தெரிவுகளைத் தொடாமல் திருத்தங்களை மட்டும் எடுங்கள். மற்றது உரையாடலிலும் பணிகளிலும் கிடந்த தவறுகளைத் திருத்துகிறது. உடைந்ததை ஒட்டுவது வேறு, செய்தவர் வேண்டுமென்றே வைத்ததை எடுத்தெறிவது வேறு. எது உடைந்தது, எது வேண்டுமென்றே வைத்தது என்று விளையாடிப் பார்க்காமல் தெரியாது, அதனால்தான் முதல் பத்து மணித்தியாலத்தை அசலோடு இருங்கள் என்கிறேன்.

200 மொட் பொதி இப்போதைக்கு வேண்டாம். இறக்கும் டேட்டாவுக்கே மாதப் பொதி முடிந்துவிடும். அசல் கேம் கேட்டது 256 எம்பி நினைவகமும் 1 ஜிபி இடமும்தான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த நாட்களில் ஒரு பழைய லப்டொப்பில், வெறும் பேட்டரியில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நான் விளையாடியது அசல் மொரோவிண்ட்தான். அழகுபடுத்திய மொரோவிண்டுக்கு அந்த லப்டொப் ஈடுகொடுத்திருக்காது.

எனக்கு வயது 52. மகன் விளையாடுவதைப் பார்த்து நானும் தொடங்கினேன், கதை நன்றாகப் பிடித்துவிட்டது. எழுத்துத்தான் எறும்பு மாதிரி இருக்கிறது, கண்ணாடி போட்டும் தலையிடி வருகிறது. எழுத்தைப் பெரிதாக்க வேறு எஞ்சின் இருக்கிறதாம், ஆனால் அப்படிச் செய்தால் அசல் அனுபவம் போய்விடும் என்கிறான் மகன். – இல்லத்தரசி, கொட்டாஞ்சேனை

அக்கா, இன்றைக்கே மாற்றுங்கள். ‘ஓபன் எம்டபிள்யூ’ என்பது தன்னார்வலர்கள் புதிதாக எழுதிய எஞ்சின், இலவசம், மகன் வாங்கிய கேமின் கோப்புகளையே அது பயன்படுத்தும். அமைப்புகளில் எழுத்தையும் பெட்டிகளையும் பெரிதாக்கலாம். கதையில் ஒரு சொல் மாறாது. படிக்க முடியாத எழுத்தில் எந்த அனுபவமும் இல்லை என்று மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மேலே தம்பிக்குச் சொன்ன பத்து மணித்தியாலக் கணக்கும் உங்களுக்குக் கிடையாது. கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் தேவையான எதையும் முதல் நிமிடத்திலேயே போடலாம்.

பாதியில் விட்டுவிட்டு வெளியிட்ட கேம்களுக்கு ‘அசல்’ என்பது எது? ‘வேம்பயர்: த மஸ்கரேட் – பிளட்லைன்ஸ்’ தொடங்கப் போகிறேன். – வாசகர், பம்பலப்பிட்டி

அருமையான கேள்வி, இங்கே என் கட்சி மாறிவிடும். பிளட்லைன்ஸ் 2004 நவம்பர் 16 வெளிவந்தது, ‘ஹாஃப் லைஃப் 2’ வந்த அதே நாள். அதைச் செய்த ட்ரொய்கா அடுத்த வருடமே மூடப்பட்டது. கேம் நிறையக் குறைகளோடு வந்தது, திருத்த ஆட்கள் இல்லை. பிறகு ரசிகர்களின் பேட்ச்தான் அதை இத்தனை வருடம் உயிரோடு வைத்திருக்கிறது. அதில் இரண்டு வகை உண்டு: அடிப்படை வகை பிழையை மட்டும் திருத்தும், பிளஸ் வகை வெட்டிப் போட்ட விஷயங்களையும் திரும்பச் சேர்க்கும். முதல் தடவை அடிப்படை வகையோடு போங்கள்.

‘நைட்ஸ் ஒஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2’ இன்னொரு மாதிரி. அவசரமாக முடித்து 2004 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. எழுதி, பாதி செய்து, வெட்டிய காட்சிகள் கோப்புகளுக்குள்ளேயே கிடந்தன. ரசிகர்கள் அவற்றை வருடக்கணக்காகத் தோண்டி எடுத்துக் கோத்தார்கள், ஒரு ரோபோத் தொழிற்சாலையே அப்படித் திரும்பி வந்தது. அதை நான் மொட் என்றே நினைப்பதில்லை. ஆசிரியர் எழுதி, அச்சகத்தில் தவறிய பக்கங்களைக் கண்டெடுத்துக் கட்டியது மாதிரி. அந்தக் கேமுக்கு முதல் தடவையே அதைப் போடுங்கள்.

40 மணித்தியாலம் விளையாடிய பிறகு இரண்டு மொட்டை அழித்தேன், இப்போது சேவ் (ஆட்டத்தைச் சேமித்த கோப்பு) திறக்கும்போது பிழை வருகிறது. – கணக்காளர், தெகிவளை

அழித்தவற்றைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் திறக்கும். மொட் சேர்த்த சாமான், ஆள், இடம் எல்லாம் உங்கள் சேவுக்குள் பதிந்திருக்கும், கோப்பை எடுத்தால் சேவ் இல்லாத ஒன்றைத் தேடும். நானும் பால்மோராவில் வீடு கட்டித்தந்த ஒரு மொட்டை இப்படி அழித்தேன். வீட்டோடு பெட்டிகள், பெட்டியோடு ஒரு மாதம் சேர்த்த அத்தனையும் போயின, அந்த இரவு நித்திரையே வரவில்லை. புதிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் புது ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் சேவ் போல்டரை வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். இரண்டு மொட் ஒரே பொருளைத் தொட்டால் கடைசியாக ஏறுவதுதான் செல்லும். பழைய எஞ்சினில் அந்த வரிசை கோப்பின் திகதிப்படி அமையும், பலருக்கு இது தெரியாது.

மொரோவிண்டைத் தமிழில் மொட் செய்ய முடியுமா? – பல்கலைக்கழக மாணவி, கொழும்பு 6

தங்கச்சி, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். பழைய எஞ்சின் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கில் ஓடுகிறது, எழுத்துகள் படமாகக் கோப்பில் இருக்கும். யுனிகோட் தமிழ் அதில் நேரடியாக ஏறாது. ஆனால் நம்மிடம் பாமினி எழுத்துரு இருக்கிறதே! ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்து, கொம்பையும் அரவையும் தனித்தனி எழுத்தாக நடத்தும் அதே வேலைதான் இங்கும் தேவை. எத்தனை வருடம் நம் பத்திரிகைகள் அப்படி அச்சானது! அதே ஒழுங்கில் எழுத்துப் படக் கோப்பு ஒன்று செய்தால், பாமினியில் தட்டிய வசனம் கேமுக்குள் தமிழாகத் தெரிய வேண்டும்.

கஷ்டம் எழுத்தில் இல்லை, உரையாடலில். அந்தக் கேமில் ஒருவர் பேசும்போது முக்கியமான சொல் நிறம் மாறித் தெரியும், அதை அழுத்தினால் அதைப் பற்றிக் கேட்கலாம். ‘பால்மோரா’ என்பது சரி, ‘பால்மோராவுக்கு’, ‘பால்மோராவில்’ என்று வேற்றுமை ஏறினால்? ரஷ்ய மொழிக்கும் இதே தலையிடி இருந்தது, உருபு ஏறிய சொல்லையும் மூலச் சொல்லையும் சோடி சேர்க்கத் தனிக் கோப்பு ஒன்று வைத்துத் தீர்த்தார்கள். நாமும் அதைச் செய்யலாம். தமிழ் தெரிந்தவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது.

முழுக் கேமையும் தூக்க வேண்டாம். முதல் ஊரை மட்டும் எடுங்கள்: கப்பல், சுங்க அலுவலகம், மோதிரத்தைத் தொலைத்துவிட்டுத் தேடும் ஃபர்கோத், கடை. கருவி அந்த இரண்டாவது சீடியில் வந்ததுதான். 2001இலிருந்து ‘தாம்ரியல் ரீபில்ட்’ குழு தீவுக்கு வெளியே உள்ள பெருநிலம் முழுவதையும் சம்பளமில்லாமல் ஊர் ஊராகக் கட்டிக்கொண்டிருக்கிறது, கேம் வெளிவருவதற்கு முன்னாலேயே தொடங்கியவர்கள். நமக்கு ஒரு ஊர் போதும். மோதிரத்தைக் கண்டெடுத்துக் கொடுத்ததும் ஃபர்கோத் தமிழில் நன்றி சொல்லும் படம் ஒன்றை எடுத்து இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்கள், நிறத்தோடு அச்சிடச் சொல்கிறேன்.