சம்பளம் இருக்கட்டும், காப்பீடு என்றைக்குத் தொடங்குகிறது?

தம்பி, அடுத்த மாதம் எச்-1பி விசாவில் டாலஸ் வருகிறேன், மனைவிக்கு ஐந்தாம் மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். கார், வாடகை வீடு, காப்பீடு எல்லாம் கேட்டுவிட்டு, "அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு என்று அங்கே ஏன் இத்தனை சண்டை, நமக்கு அதில் என்ன?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். காரும் வீடும் தானாக அமையும். அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். மற்ற இரண்டும் ஒரே கேள்விதான்.

காப்பீடு வேலையில் சேரும் அன்றே தொடங்குகிறதா என்று நிறுவனத்திடம் இன்றே எழுதிக் கேளுங்கள். சட்டப்படி 90 நாள் வரை காக்க வைக்கலாம். 2001-ல் எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. வந்த மூன்றாவது வாரம், நள்ளிரவில் சிறுநீரகக் கல். காப்பீடு தொடங்க இன்னும் பத்து நாள் இருந்தது. அவசரப் பிரிவில் காசு கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். 1986-ம் ஆண்டுச் சட்டப்படி அவசர நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் வைத்தியம் இலவசம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. நான் அப்படி நினைத்துக்கொண்டு, நெகிழ்ந்துபோய் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பிறகு வரிசையாக நான்கு உறைகள் வந்தன: மருத்துவமனை, மருத்துவர், ஆய்வுக்கூடம், ஸ்கேன் படத்தைப் பார்த்துக் கருத்துச் சொன்னவர். அந்த நான்காம் ஆளை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மொத்தம் 6,800 டாலர். மாதம் 150 டாலர் வீதம் ஏறக்குறைய நான்கு வருடம் கட்டினேன்.

கர்ப்பம் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி அலுவலகக் காப்பீடு இப்போது மறுக்க முடியாது, பயப்பட வேண்டாம். இரண்டு திட்டங்கள் கொடுத்தால், மாதத் தவணை கூடுதலாக இருந்தாலும் டிடக்டிபிள் குறைந்ததை எடுங்கள். டிடக்டிபிள் என்பது காப்பீடு கையைத் திறப்பதற்கு முன் நாம் கட்டித் தீர்க்கவேண்டிய தொகை. பெரும்பாலான திட்டங்களில் அது ஜனவரி பிறந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பிரசவத் தேதியோடு வைத்துப் பாருங்கள். குழந்தை பிறந்தால் 30 நாளுக்குள் காப்பீட்டில் பெயர் சேர்த்துவிடுங்கள். மருத்துவரிடம் "இந்தக் காப்பீட்டை ஏற்பீர்களா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஏற்போம் என்பார்கள். "இதன் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா" என்று கேளுங்கள். நெட்வொர்க் என்பது அந்தக் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவர்கள், மருத்துவமனைகள். 2022 முதல் அவசரப் பிரிவில் நெட்வொர்க்குக்கு வெளியே உள்ளவர் திடீர் பில் அனுப்பத் தடை இருக்கிறது. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் மட்டும் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்ட அந்தச் சண்டை விஷயத்துக்கு வருகிறேன். 1942-ல், போர்க்காலத்தில், சம்பள உயர்வுக்கு அரசு கடிவாளம் போட்டது. ஆள் பிடிக்க முதலாளிகள் சம்பளத்துக்குப் பதில் காப்பீடு கொடுத்தார்கள். பின்னர் அதற்கு வரிச்சலுகையும் உறுதியானது. வேலையோடு காப்பீட்டைச் சேர்த்து அன்று விழுந்த முடிச்சை அதிபர் ட்ரூமன் 1945-லேயே அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. அதிபர் ஜான்சன் 1965-ல் முதியோருக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட் என்று இரண்டு அரசுக் காப்பீடுகளைக் கொண்டுவந்தார். 2010-ல், இன்னும் பலருக்குக் காப்பீடு கிடைக்க ஒபாமா சட்டம். அதில் மெடிகெய்டை இன்னும் பல ஏழைகளுக்கு விரிவாக்குவதை 2012-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. நீங்கள் வரும் டெக்சாஸ் அதை ஏற்கவே இல்லை. நாட்டிலேயே காப்பீடு இல்லாதவர் விகிதம் அங்கேதான் அதிகம்.

உங்களுக்கு இதில் என்ன என்றால், வேலை போனால் விசாவுக்கு 60 நாள் வரைதான் அவகாசம். காப்பீட்டை 'கோப்ரா' என்ற ஏற்பாட்டில் 18 மாதம் நீட்டிக்கலாம், ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் நீங்களே கட்டவேண்டும். பெயர் வைத்தவன் ரசிகன்.

நம் ஆட்கள் இதைப் பேசிக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் தடுப்பூசி போட்டு வளர்ந்தவர்கள்தான், வார இறுதி விருந்தில் "அரசு நுழைந்தால் கனடா மாதிரி வரிசையில் நிற்கவேண்டும்" என்பார்கள். கனடா வரிசை உண்மைதான், மறுக்கவில்லை. இங்கே தோல் மருத்துவருக்காக நான் மூன்று மாதம் காத்திருந்ததும் உண்மைதான். இப்படிப் பேசும் நண்பர் ஒருவர், தன் மாமனார் பச்சை அட்டையோடு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோடு, ஐந்து வருடம் முடித்ததும் முதல் வேலையாக அவருக்கு மெடிகேர் வாங்கினார். அது யாருடைய காப்பீடு என்று கேட்டேன். பேச்சை கிரிக்கெட்டுக்குத் திருப்பிவிட்டார்.

அந்த 6,800 டாலரில் கடைசித் தவணை கட்டிய அன்று மருத்துவமனைக் கணக்குப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த அம்மாள் என் கோப்பைப் புரட்டிவிட்டு, "அந்த வருடம் உங்கள் வருமானத்துக்கு உதவி கேட்டு எழுதியிருந்தால் பாதியாவது தள்ளியிருப்பார்களே" என்றார். கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. இப்போது லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் அந்த உதவித் திட்டத்தை எழுத்தில் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம்.