தாத்தா வைத்திருந்த பழைய இங்கிலாந்து எம்.ஜி. காரின் ஆர்.சி.யில் ஒரு நம்பர், வண்டிக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டில் வேறு நம்பர். இது உண்மையில் எந்த வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டியைப் பார்க்க வந்த தரகர் "ரெண்டு வண்டியை ஒட்டவைத்தது, அசல் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். 2011-ல் ஏற்காடு நாகலூர் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஒருவர் என்னிடமும் இதையேதான் சொன்னார். அதோடு நிற்காமல், "டிரைவர் வீட்டுக்கு இந்தக் கார் எப்படி வந்தது?" என்றும் கேட்டார். என் அப்பா திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்.

எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வந்து யாராவது கேட்பீர்கள். அப்பா 1959-லிருந்து ஒரு காப்பித் தோட்டத்தில் டிரைவர். 1986-ல் தோட்டம் கைமாறியபோது அவருக்குச் சேரவேண்டிய பணத்தைக் கொடுக்க முடியாமல், ஷெட்டில் நின்ற எம்.ஜி. டி.சி. மாடல் காரை எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கிறது, பெயர் மாற்றமும் முறையாக நடந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்று அந்த ஆள் செய்தது இவ்வளவுதான். ஆர்.சி.யில் செஸி (வண்டியின் அடிச்சட்டம்) நம்பர் என்ற இடத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பொருந்தவில்லை. எஞ்சின் நம்பரைப் பார்த்தார், அதுவும் பொருந்தவில்லை. உடனே திருட்டு வண்டி என்கிற மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். அவர் போன பிறகு ராத்திரி முழுக்க நான் அந்த ஆர்.சி.யை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எஞ்சின் நம்பர் கட்டத்தில் இருந்தது டி.சி. என்று ஆரம்பிக்கிற நம்பர். செஸி கட்டத்தில் இருந்தது எக்ஸ்.பி.ஏ.ஜி. என்று ஆரம்பிக்கிற நம்பர். டி.சி. என்பது வண்டியின் மாடல், அது செஸியில்தான் அடித்திருக்கும். எக்ஸ்.பி.ஏ.ஜி. என்பது அந்த 1250 சிசி எஞ்சினின் பெயர். எழுதியவர் கட்டம் மாற்றி எழுதிவிட்டார், அறுபது வருடம் யாரும் கவனிக்கவில்லை! உங்கள் ஆர்.சி.யிலும் முதலில் இதைத்தான் பாருங்கள்.

அடுத்து, தகட்டை நம்பாதீர்கள். பித்தளைத் தகடு ரெண்டு ஆணியில் நிற்பது, யார் வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். டி.சி.யில் நம்பர் செஸி இரும்பிலேயே அடித்திருக்கும். இடது பக்கம், முன் பட்டா ஸ்பிரிங் மாட்டுகிற முனையில் தேடுங்கள். எங்கள் வண்டியில் அங்கே ஏழெட்டு பூச்சு பெயின்ட் இருந்தது. தயவுசெய்து கிரைண்டரை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், உப்புத்தாளும் வேண்டாம், அடித்த பள்ளமே போய்விடும். பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, துணியால் துடைத்து, மறுபடி தடவி, இப்படி ரெண்டு நாள் ஆகட்டும். அப்புறம் பிரேக் இன்ஸ்பெக்டர் எடுப்பாரே, தாளை வைத்து பென்சிலால் தேய்த்து, அதே மாதிரி ஒரு பிரிண்ட். எனக்கு முதலில் டி.சி., பிறகு ஒவ்வொரு இலக்கமாக நான்கும் தாளில் ஏறின. ஆர்.சி.யில் தப்பான கட்டத்தில் இருந்த அதே நம்பர். அப்பாவிடம் காட்டினேன். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

டி.சி. நம்பர் ஒன்றிலிருந்து ஆரம்பிக்காது, 0251-ல்தான் ஆரம்பிக்கும். இங்கிலாந்தில் அபிங்டன் ஊரில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலையின் டெலிபோன் நம்பர் 251 என்பதால் அப்படி வைத்தார்கள். அதனால் அதற்குக் கீழே ஒரு நம்பரைக் காட்டி டி.சி. என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். 1945 முதல் 1949 வரை சுமார் பத்தாயிரம் வண்டி செய்தார்கள், எல்லாமே வலது பக்க ஸ்டியரிங், 19 அங்குல கம்பிச் சக்கரம். உங்கள் படத்தில் சக்கரம் தெரியவில்லை. 15 அங்குலம் தகடு சக்கரம் என்றால் அது அடுத்து வந்த டி.டி. மாடலாக இருக்கலாம், அது 1949 கடைசியிலிருந்து 1953 வரை வந்தது. உங்கள் ஆர்.சி.யில் இருக்கும் 1951 என்பது இங்கே பதிவு செய்த வருடமாகவும் இருக்கலாம், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். லூகாஸ் டைனமோ, ஸ்டார்ட்டர் மேல் மாதமும் வருடமும் அடித்திருப்பார்கள், தேய்த்துப் பாருங்கள். பாகத்தை மாற்றியிருக்கலாம் என்பதால் அது துணை சாட்சி மட்டும்தான்.

எஞ்சின்தான் எனக்கு மிச்சம் இருந்த சிக்கல். எஞ்சினில் இருந்த எட்டு மூலைத் தகட்டில் எக்ஸ்.பி.ஏ.ஜி.க்குப் பிறகு எஸ்.சி. என்று இருந்தது. அது எம்.ஜி.யின் ஒய் என்ற சலூன் (மூடிய குடும்பக் கார்) மாடலின் எஞ்சின், ஒற்றை கார்புரேட்டர். டி.சி.க்கு இரட்டை. அப்படியானால் தரகர் சொன்னதில் பாதி நிஜமா என்று எனக்கே பயம் வந்தது. அப்பாவிடம் கேட்டதும் அவர் யோசிக்கவே இல்லை. "64 மே மாசம், பதிமூணாவது வளைவு, தண்ணி வத்தி பிளாக் வெடிச்சுது" என்றார். சேலம் செவ்வாய்ப்பேட்டை பட்டறையில் ஒரு டாக்டரின் இடிபட்ட சலூன் கிடந்ததாம், அதன் எஞ்சினைத் தூக்கி, பழைய இரட்டை கார்புரேட்டரை அதில் மாட்டியிருக்கிறார்கள். டிரங்குப் பெட்டியிலிருந்து அவருடைய டிரிப் நோட்டை எடுத்துவந்தார். தேதியோடு எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு இங்கிலாந்தில் எம்.ஜி. கார் கிளப்பில் டி ரக வண்டிகளுக்கென்று இருக்கிற பிரிவுக்கு செஸி நம்பரையும் பிரிண்ட் படத்தையும் அனுப்பினேன். எஞ்சின் நம்பரை வேண்டுமென்றே சொல்லவில்லை. தொழிற்சாலைப் பதிவின்படி வண்டி 1947-ல் செய்தது, முதலில் இருந்த எஞ்சின் நம்பர் இது என்று பதில் வந்தது. ஆர்.சி.யில் செஸி கட்டத்தில் இருந்த எக்ஸ்.பி.ஏ.ஜி. நம்பரேதான், ஒரு இலக்கம் பிசகவில்லை. உங்களுடையது ஜாகுவார் மாதிரி வேறு கம்பெனி என்றால் அவர்களுக்கும் தனியாகப் பழைய பதிவு வைத்துச் சான்றிதழ் தருகிற அமைப்பு உண்டு.

"எஞ்சின் மாறினால் அசல் இல்லைதானே" என்று சிலர் வருவீர்கள். விலைக்கு அது குறைதான், நான் மறுக்கவில்லை, விற்றால் வாங்குபவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் வண்டி யார் என்பது செஸியில் இருக்கிறது. மலையில் ஓடி உழைத்த வண்டிக்கு எஞ்சின் மாறியதைத் திருட்டு மாதிரி பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மலை என்றதும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். இப்போது சனி ஞாயிறில் இந்த வண்டியை அடிவாரத்திலிருந்து மேலே ஏற்றவே முடிவதில்லை. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் எதிரே முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு வந்து, நான் நின்றால் போனை நீட்டி வீடியோ எடுக்கிறார்கள். ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுப்பது இந்த கிளட்ச்சுக்கு எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா இருபத்தேழு வருடம் இருபது வளைவிலும் ஹாரன் அடித்து, வழிவிட்டு, வழிவாங்கி ஓட்டியவர்.

50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-லிருந்து வின்டேஜ் பதிவு தனியாக உண்டு, வி.ஏ. என்ற எழுத்தோடு நம்பர் தருவார்கள், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அதற்குப் போகும் முன் ஆர்.சி.யில் கட்டம் மாறியிருந்தால் திருத்திவிடுங்கள். நான் பிரிண்ட், கிளப் கடிதம், அப்பாவின் நோட்டு மூன்றையும் வைத்து மனு கொடுத்து நாலு தடவை நடந்துதான் திருத்தினேன்.

கடைசியாக, உங்கள் தாத்தாவின் வண்டியை ஓட்டியது யார் என்று கேள்வியில் நீங்கள் எழுதவே இல்லை. டிரைவர் இருந்தாரா? அவர் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் இருப்பார்கள், நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று போய்க் கேளுங்கள். செஸி பிரிண்ட் எடுத்ததும் படத்தை இங்கே போடுங்கள், கடைசி ரெண்டு இலக்கத்தை மட்டும் மறைத்துவிடுங்கள்.