ஜூமில் ஓய்வுநாள் பள்ளி: பாட்டும் கேமராவும்

ஸ்தோத்திரம் சிஸ்டர். வேளச்சேரியிலிருந்து 14 பிள்ளைகளுக்கு ஜூமில் ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) எடுக்கிறீர்கள். பாட்டு தொடங்கினால் சந்தைக்கடை, பத்து நிமிஷத்தில் பாதிப்பேர் கேமராவை அணைத்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

பாட்டு உங்கள் தப்பில்லை. ஒவ்வொரு வீட்டுச் சத்தமும் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும், தாளம் சேரவே சேராது. எல்லாரையும் மியூட் செய்துவிட்டு நீங்கள் மட்டும் பாடுங்கள். அவரவர் வீட்டில் கூடப் பாடட்டும், கைச்செய்கையோடு.

கேமராவுக்கு ஒரே மருந்து, பிள்ளைகள் கையில் வேலை. பெரம்பூரில் நான் இயேசு கடலில் புயலை அடக்கும் கதையை (மாற்கு 4:35-41) எடுத்தபோது, ஆளுக்கொரு அகலப் பாத்திரத்தில் தண்ணீரும் காகிதக் கப்பலும் வைக்கச் சொன்னேன். கதையில் புயல் வரும்போது கையால் கலக்க வேண்டும், இயேசு "இரையாதே, அமைதலாயிரு" என்றதும் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு வாண்டு, "ஆன்ட்டி, என் தண்ணி இன்னும் நிக்கல" என்றாள். நான் தயாரித்த பாடம் அத்தோடு போச்சு! இயேசு சொன்னவுடன் எப்படி நின்றது என்று அவர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள். (பாத்திரத்தை போனிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு போன் நனைந்தது.)

இலவச ஜூம் 40 நிமிஷத்தில் துண்டித்துவிடும், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு 25 நிமிஷமே தாராளம். பெற்றோரைக் கூடவே உட்காரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், ஞாயிறு காலை சமையல் இருக்கும். இரவு குடும்ப ஜெபத்தில் பிள்ளை கேட்க ஒரே ஒரு கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வகுப்பு ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் பெற்றோரிடம் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.