கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் பச்சைப் புழுவுக்கு ஏன் இவ்வளவு பெரிய கண்? அது நம்மைப் பார்க்குமா?

அவை கண்களே இல்லை. தோலில் உள்ள புள்ளிகள். நீங்களும் என்னைப் போல சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டி வைத்திருப்பவர் என்று நினைக்கிறேன். தயவுசெய்து மருந்து அடித்துவிடாதீர்கள். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்ன வயதில் பறவை எச்சம் போலக் கிடந்ததும் இதேதான். பச்சையாகிவிட்டால் கடைசிப் பருவம்; சில நாளில் கூட்டுப்புழுவாகிவிடும்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குப் பழைய கோபம் திரும்ப வந்துவிட்டது. என் மகள் தொடக்கநிலை மூன்றில் இருந்தபோது எங்கள் செடியைப் பார்த்து இந்தப் புழுவை வரைந்தாள். மேலே பெரிய புள்ளிகளைப் போட்டுவிட்டு, கீழே குனிந்திருந்த சின்னத் தலையின் ஓரத்தில் ஊசிமுனை அளவில் ஆறு புள்ளி வைத்து ‘கண்’ என்று எழுதினாள். டியூஷன் ஆசிரியர் சிவப்பு மையில் அதை அடித்துவிட்டு, பெரிய புள்ளிக்கு அம்புக்குறி போட்டிருந்தார்.

மறுநாள் கைப்பேசியில் உருப்பெருக்கி மாட்டிப் பார்த்தேன். தலையின் ஒரு பக்கம் ஆறு கறுப்பு மணிகள், மறுபக்கமும் ஆறு. அவள் எண்ணியது சரி! அவைதான் புழுவின் எளிய கண்கள். வெளிச்சம், இருட்டு, மங்கலான உருவம், அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரியும். இலைக்காம்பால் மெல்லத் தொட்டேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டது, நெஞ்சுப் பகுதி உப்பியது, பொய்க்கண்கள் இரண்டும் பாம்பு முறைப்பதுபோல் எழுந்தன. அப்புறம் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி சிவப்பாக ஒரு கவை வெளியே வந்து கெட்ட வாடை வீசியது. மைனாவும் கொண்டைக்குருவியும் வந்து உட்காரும் தாழ்வாரத்தில் அதற்கு வேறு என்ன துணை இருக்கிறது?

நான் பூச்சியியல் படித்தவள் இல்லை. எல்லாப் பூச்சிக்கும் இப்படித்தான் என்றும் சொல்லவில்லை. தேனீக்குப் பல சிறு கண்கள் சேர்ந்த இரண்டு கூட்டுக்கண்ணோடு உச்சந்தலையில் மூன்று எளிய கண்ணும் உண்டு. ஒரு புள்ளிக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்களுக்கு: பிள்ளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்து எழுதியதை, செடிப் பக்கமே வராத ஒருவர் தப்பு என்று அடித்தால் எந்த அம்மாவுக்குத்தான் பொறுக்கும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புழு கூட்டுப்புழுவாகித் தொங்கிய கொம்பை யாரோ இரவில் ஒடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தேக்கா சந்தையில் கறிவேப்பிலை கிடைக்காமலா போய்விட்டது? கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் வேறு கொம்பை நானே வெட்டிக் கொடுத்திருப்பேன்.