கட்டிலுக்குக் கீழ 180 புத்தகம்

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளி, பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். போன வருசம் சொந்தக் காசில ஒரு சிறுகதைத் தொகுதி போட்டன், 300 பிரதி. வெளியீட்டு விழாவில 120 போச்சு, மிச்சம் 180ம் கட்டிலுக்குக் கீழ கிடக்கு. ரெண்டாவது தொகுதிக்கு ஒரு பதிப்பகத்தக் கேட்டா ஃபேஸ்புக்ல எத்தினை பேர் ஃபொலோ பண்ணுறாங்க எண்டு கேக்கிறாங்க. 640 பேர் அக்கா. நான் கதை எழுதுறதா, இல்ல ரீல்ஸ் போடுறதா?

பதில்: தங்கச்சி, அந்தக் கேள்வி எனக்கும் எரிச்சல்தான், ஆனா பதிப்பகம் கேக்கிறதில ஒரு நியாயம் இருக்கு, அவங்களுக்குத் தெரிய வேண்டியது இந்தப் புத்தகத்த ஆர் வாங்குவாங்க எண்டது, அதுக்குப் பதிலா லேசா எண்ணக்கூடினத எண்ணுறாங்க. 640 பேர்ல அரைவாசி நீங்க படிப்பிச்ச பிள்ளையளும் சொந்தக்காரரும் ஆயிருப்பாங்க, பிறந்தநாளுக்கு வாழ்த்துப் போடுவாங்க, கதை வாசிக்க மாட்டாங்க.

நான் உங்களிட்ட வேற ஒண்டு கேக்கிறன். விழா அண்டைக்கு வந்த ஆக்கள் என்வலப்பில காசு வைச்சுத் தந்திருப்பாங்க, வெளியால பேரும் எழுதியிருப்பாங்க. அந்த என்வலப்புகள் எங்க? வாசல் மேசையில பேர் எழுதின கொப்பி எங்க? என்ட முதல் புத்தகத்துக்கு வந்த என்வலப்புகள ஒரு பிஸ்கட் டின்னில போட்டு அலுமாரிக்கு மேல வைச்சிட்டு ஒன்பது வருசம் மறந்துபோனன். ஒருநாள் தூசு தட்டிப் பாத்தா 87 பேர், சில என்வலப்பில போன் நம்பரும் இருந்துது, ஒரு ஐயா தம்பலகாமம் விலாசத்தோட "அடுத்த புத்தகம் வந்தா அறிவிக்கவும்" எண்டு சிவப்புப் பேனையால எழுதியிருந்தார். அதுக்குள்ள நான் ரெண்டு புத்தகம் போட்டு முடிஞ்சுது, அவருக்கு ஒண்டும் அறிவிக்கேல்ல. இப்பவும் நினைச்சா வெக்கமா கிடக்கு.

அந்த 120 பேரத்தான் முதல்ல தேடிப் பிடியுங்கோ. வாட்ஸ்அப்ல ஒரு புரோட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கோ, ஒருக்கா அனுப்பினா எல்லாருக்கும் தனித்தனியாப் போகும், ஒரு லிஸ்டில 256 பேர் மட்டும் சேக்கலாம், உங்களுக்கு இப்போதைக்கு அது தாராளம். ஆனா ஒண்டு, உங்கட நம்பர தங்கட போன்ல சேவ் பண்ணின ஆக்களுக்குத்தான் மெசேஜ் போய்ச் சேரும், அதால ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதி, சேவ் பண்ணச் சொல்லிக் கேக்கோணும். அலுப்பான வேலைதான். ஆனா உங்கட அக்கவுண்ட நாளைக்கு ஆரும் ஹேக் பண்ணினாலும் அந்த நம்பர்கள் கொப்பியில இருக்கும்.

என்ன அனுப்புறது? "என்ட புத்தகம் வாங்குங்கோ" எண்டு மட்டும் கிழமைக்கொருக்கா அனுப்பினா மூண்டாம் கிழமையே புளொக் பண்ணுவாங்க, நானும் பண்ணுவன். மாசத்தில ரெண்டு தரம், ஒரு பக்கம், நீங்க கதைக்காகப் பாத்துப் பொறுக்கின சாமான். கோட்டை வாசல்ல மான் ஒண்டு சோத்துப் பார்சல் பேப்பர மென்டு கொண்டு நிக்கிறத, கன்னியாவில ஏழு வெந்நீர்க் கிணத்திலயும் சூடு ஒரே மாதிரி இல்லாததால வாளியோட ஒவ்வொண்டாச் சோதிக்கிற அம்மம்மாவ எழுதுங்கோ. 1895ல எங்கட ஊர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையில ஒரு சரித்திர நாவல் போட்டவர், ஊருக்குள்ள பத்துப் பேரக் கேட்டுப் பாருங்கோ, எத்தினை பேருக்குத் தெரியும் எண்டு. அதையே ஒரு பக்கமா எழுதலாமே. ரீல்ஸ் விருப்பமெண்டா போடுங்கோ, விருப்பமில்லாமப் போட்டா முகத்தில தெரியும்.

இனி அந்த 180. பொது நூலகத்துக்கு ரெண்டு குடுங்கோ. கொழும்பு, யாழ்ப்பாணக் கடையளுக்கு அனுப்பினா விலையில கடைக்காரர் எடுக்கிற கழிவு எவ்வளவு எண்டத முதலே கேட்டு, எத்தினை பிரதி குடுத்தது எண்டு எழுத்தில வாங்குங்கோ, இல்லாட்டி புத்தகமும் இல்ல காசும் இல்ல. கனடாவில இருக்கிற ஆக்கள் கேட்டா தபால் செலவு புத்தக விலைய விழுங்கிப்போடும், அவங்களுக்கு அமேசான்ட கிண்டில் மின்னூல் நல்லம், 2016 கடைசியில இருந்து அதில தமிழ் போகுது. உங்கட அச்சகம் பாமினி எண்ட பழைய ஃபொன்டில டைப் பண்ணியிருந்தா யூனிகோடுக்கு மாத்தோணும், மாத்தின பிறகு முழுசா ஒருக்கா வாசியுங்கோ, கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும், மெஷின நம்பி அப்பிடியே ஏத்தின ஒருத்தர எனக்குத் தெரியும், அவர்ட கதாநாயகிக்குப் பேர் பாதி வரைக்கும் ஒண்டு, பேந்து வேறொண்டு.

பதிப்பகத்துக்கு இப்ப ஒண்டும் எழுதாதேங்கோ. ஆறு மாசம் போகட்டும், பிறகு "என்னட்ட 140 பேர் இருக்கிறாங்க, இதில 60 பேர் முதல் புத்தகத்தக் காசு குடுத்து வாங்கினவங்க" எண்டு எழுதுங்கோ. அப்பவும் 640ப் பற்றித்தான் கதைச்சா வேற பதிப்பகத்தப் பாருங்கோ.

நான் சொன்ன கொப்பி கிடைச்சா எழுதிப் போடுங்கோ. எனக்கும் ஒரு பிரதி வேணும், சும்மா தராதேங்கோ, வீட்டில இருந்து சைக்கிள்ல வரத் தூரமில்ல, என்வலப்போட வாறன்.