போரில் கண் இழந்து பதக்கம் வாங்கிய ஒருவர் பேசினால்தான் பார்வையற்றவர்களின் பிரச்சினை எடுபடுமா?

எடுபடும், சுலபமாக எடுபடும். ஆனால் கேள்வியில் இருக்கிற அந்த "தான்" எனக்கு இடிக்கிறது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், வீட்டில் யாருக்கோ பார்வை போய், சொல்லிச் சொல்லி யாரும் காது கொடுக்காமல் அலுத்துப்போயிருக்கிறீர்கள் போல. எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

நான் இருப்பது ரொறன்ரோவில். இங்கே இந்தக் கேள்விக்கு முதலில் வருகிற பெயர் எட்வின் பேக்கர். குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த மின்பொறியியலாளர். 1915 அக்டோபரில் பெல்ஜியத்தில் கெமல் குன்றுப் பக்கம் ஒரு துப்பாக்கிக் குண்டு இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. வயது 22. பிரிட்டனின் மிலிட்டரி கிராஸ், பிரான்ஸின் குவா த கேர் என்ற வீரப் பதக்கங்கள் இரண்டும் கிடைத்தன. போரில் பார்வை இழந்தவர்களுக்குப் பயிற்சி தந்த லண்டன் செயின்ட் டன்ஸ்டன்ஸில் பிரெயிலும் தட்டச்சும் பழகிக்கொண்டு திரும்பி வந்து, 1918இல் வேறு சிலரோடு சேர்ந்து கனடாவின் பார்வையற்றோருக்கான சி.என்.ஐ.பி. அமைப்பைத் தொடங்கினார். 1920 முதல் 1962 வரை அதை நடத்தியதும் அவரே. 1951இல் உலகப் பார்வையற்றோர் நல மன்றத்துக்கு முதல் தலைவர்.

பதக்கம் குத்திய ஆள் வந்து கேட்டால் பிச்சை என்று யாரும் முகம் திருப்ப முடியாது, இல்லையா? அந்த மரியாதையைத் தன்னோடு வந்த வீரர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல், போர்முனையையே காணாத பார்வையற்றவர்களுக்கும் சேர்த்துக் கேட்டாரே, அதுதான் எனக்குப் பிடித்தது. (நான் போரைப் புகழவில்லை. போரை விட்டு ஓடிவந்த குடும்பம் நாங்கள். எங்கள் ஊரில் ஷெல் பட்டுக் கண் போன சனத்துக்கு யாரும் பதக்கம் குத்தவில்லை என்பதும் தெரியும். அதை வைத்து இங்கே சண்டைக்கு வராதீர்கள்.)

இனி அப்பா. 61 வயதில் கண் அழுத்த நோயால் பார்வை போனது. குண்டு இல்லை, வீரம் இல்லை, சத்தமில்லாமல் ஓரத்திலிருந்து மங்கி மங்கிப் போனது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் எல்லோரும் என்னோடுதான் கதைப்பார்கள். ஒரு வங்கியில் (பெயர் வேண்டாம்) வேலை செய்கிற பிள்ளை என்னைப் பார்த்து, "அவர் கையெழுத்துப் போடுவாரா?" என்று கேட்டாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து நடுவில் நீளமாக வெட்டிய கறுப்புப் பிளாஸ்டிக் அட்டையை எடுத்து, "கோடு எங்க இருக்கெண்டு மட்டும் காட்டுங்கோ" என்றார். அவள் அப்பாவின் விரலைப் பிடித்துக் காகிதத்தில் வைத்தாள். அட்டையைப் பொருத்தி, அந்த இடைவெளிக்குள் யாழ்ப்பாணத்தில் போட்ட அதே கையெழுத்தை, கடைசிச் சுழி உட்பட, போட்டார். நான் வெளியே வந்துதான் அழுதேன். அவர் பார்க்கிங் காசு கட்டிவிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் தனியாகப் பஸ்ஸில் போகிறார் என்றால் ஒவ்வொரு தரிப்பையும் சொல்கிற அந்தக் குரலால்தான். அதை வாங்கித் தந்தது எந்தப் போர்வீரனும் இல்லை. டேவிட் லெபோவ்ஸ்கி என்ற பார்வையற்ற வழக்கறிஞர் ரொறன்ரோவில் பஸ்ஸும் ரயிலும் ஓட்டுகிற ரிரிசிக்கு (TTC) எதிராக மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போய், 2005இல் சுரங்க ரயிலுக்கும், அது போதாதென்று 2007இல் பஸ்ஸுக்கும் ஸ்ட்ரீட்காருக்கும் தீர்ப்பு வாங்கினார். ஒரே விஷயத்துக்கு இரண்டு தரம் வழக்கு! அந்தத் "தான்" ஏன் இடிக்கிறது என்று இப்போது விளங்கும்.

குரல் இருந்து என்ன, பஸ்ஸை விட்டு இறங்கினால் பனிக்குவியல். எங்கள் கட்டிடத்துக்குப் பனி தள்ள வருகிறவர்கள் கார் போகிற வழியைக் கண்ணாடி போல வழித்துவிட்டு, அவ்வளவையும் நடைபாதையில் கொட்டிவிட்டுப் போவார்கள். கோல் புதையும், விளிம்பு எங்கே என்று தெரியாது. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. கூட்டத்தில் கேட்டால் "ஒப்பந்தக்காரரிடம் சொல்கிறோம்." மூன்று குளிர்காலமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சரி, இது நீங்கள் கேட்டதில்லை.

நம் ஆட்களையும் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஆர் எண்டு சொல்லுங்கோ பாப்பம்?" என்பார்கள். ஒரு ஆள் இல்லை, வரிசையாக வருவார்கள். பேக்கரின் கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "அந்த மனுசனிட்டையும் இப்பிடிக் கேட்டிருப்பாங்களோ?" என்பதுதான். இப்போதெல்லாம் யாராவது அப்படிக் கேட்டால் அவர் கையை விடாமல், "குரல் பிடிபடேல்லை, ஆனா எனக்குக் காசு தர வேண்டிய ஆள்போல கிடக்கு" என்கிறார். உடனே பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்.