மடத்துப் பத்திரத்தில் மடத்தின் பெயரைத் தேடாதீர்கள்: கேள்வி பதில்

அயர்லாந்தின் டப்ளின் நகரில், லிஃபி ஆற்றுக்கு வடக்கே சர்ச் தெருவில் கப்புச்சின் துறவிகளின் மடம் இருக்கிறது. எதிர்க்கரையில், மெர்ச்சன்ட்ஸ் கீயில், பிரான்சிஸ்கன் மடம். இரண்டுமே அசிசி புனித பிரான்சிஸின் வழியில் வந்த சபைகள். பழைய பத்திரம் படிப்பது என் பொழுதுபோக்கு என்று தெரிந்தவர்கள் இந்த இரண்டு மடங்களின் குத்தகைகளையும் கிரயங்களையும் பற்றி அவ்வப்போது கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சொத்தே வைத்துக்கொள்ள மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தவர்களுக்குப் பத்திரம் எதற்கு?

இந்தக் கேள்வியில் போப்பாண்டவர்களே திணறியிருக்கிறார்கள். 1279-இல் மூன்றாம் நிக்கோலஸ், "அனுபவிப்பது துறவிகள், உடைமை ரோமாபுரிக்கு" என்று தீர்த்துவைத்தார். 1322-இல் இருபத்திரண்டாம் யோவான், அந்தப் பெயரளவு உடைமை தமக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நடைமுறையில் 'சிண்டிக்' எனப்பட்ட, துறவியல்லாத ஒரு பொதுநிலையினர் பணத்தையும் சொத்தையும் சபைக்காகப் பார்த்துக்கொள்வது வழக்கமானது. அயர்லாந்தில் இதோடு புராட்டஸ்டண்ட் அரசாங்கத்தின் தடையும் சேர்ந்துகொண்டது. துறவற சபையினர் எல்லாரும் 1698 மே 1-க்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று 1697-இல் சட்டம் வந்தது. இருக்கவே கூடாதவர்கள் எந்தப் பெயரில் குத்தகை எழுதுவார்கள்? நம்பிக்கையான ஒரு வணிகர் பெயரில் எழுதுவார்கள். அல்லது துறவி தன் சபைப் பெயரை விட்டு, வீட்டுப் பெயரில் கையெழுத்துப் போடுவார்.

அப்படியானால் பினாமிதானே? நேராகச் சொல்லுங்கள் அண்ணா.

பினாமியேதான், தம்பி. ஆனால் வரியை ஏய்க்க எழுதியதில்லை, தலைக்கு மேல் கூரை வேண்டும் என்று எழுதியது.

கத்தோலிக்கர் குத்தகைகளில் 31 வருடம் என்றே வருகிறதே, அது என்ன கணக்கு?

1704-இல் அமலான சட்டம். கத்தோலிக்கர் நிலம் வாங்கக் கூடாது. 31 வருடத்துக்கு மேல் குத்தகையும் எடுக்கக் கூடாது. வாடகையும் குறைந்தபட்சம் அந்த இடத்தின் உண்மையான வருட மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். இதை மீறியிருப்பதாக ஒரு புராட்டஸ்டண்ட் வழக்குப் போட்டால் அந்தக் குத்தகையே அவருக்குப் போய்விடும். அவருக்கு 'டிஸ்கவரர்' என்று பெயர். சிலர் நண்பனையே முந்திக்கொண்டு வழக்குப் போடச் சொல்லி, சொத்தை அவன் பெயரில் காப்பாற்றிக்கொண்டதும் உண்டு. அதனால் வழக்கு என்று கண்டதும் பகை என்று முடிவுகட்டாதீர்கள்.

1778-இல் கட்டு தளர்ந்தது. அரச விசுவாசப் பிரமாணம் எடுத்தால் 999 வருடம் வரை, அல்லது ஐந்து ஆயுள் வரை குத்தகை எடுக்கலாம் என்றார்கள். ஆயுள் குத்தகை என்றால் பத்திரத்தில் பெயர் குறித்த ஆட்களில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை செல்லும். கத்தோலிக்கப் பெயரில் 999 வருடக் குத்தகை கிடைத்தால், தேதி கிழிந்திருந்தாலும் 1778-க்குப் பிந்தியது என்றே முதலில் எடுத்துக்கொள்வேன்.

என்னிடம் ஒரு பழைய தோல் பத்திரத்தின் படம் இருக்கிறது. மேல் ஓரம் வளைந்து வளைந்து இருக்கிறது. எலி கடித்ததா?

எலி இல்லை அம்மா, கத்தி! ஒரே தோலில் இரண்டு பிரதி எழுதி, நடுவில் பல் பல்லாக வெட்டி ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வார்கள். பின்னால் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். 'இண்டென்ச்சர்' என்ற பெயரே பல்லிலிருந்து வந்ததுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் அது வெறும் சம்பிரதாயமாகிவிட்டது. லேசாக ஓர் அலை வெட்டி விட்டுவிடுவார்கள். பின்பக்கத்தையும் படம் எடுங்கள். மடித்து வைத்தால் வெளியே தெரியும் பட்டையில் யார், எந்த இடம், எந்தத் தேதி என்று பொடி எழுத்தில் இருக்கும். உள்ளே ஒரு மணி நேரம் திண்டாடிப் படிப்பது அங்கே மூன்று வரியில் கிடைக்கும்.

டப்ளின் பத்திரப் பதிவகத்தில் துறவியின் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒன்றுமே இல்லை.

கிடைக்காது. பதிவகம் 1708-இல் தொடங்கியது. ஹென்றியெட்டா தெருவில் இருக்கிறது. அங்கே இருப்பது மூலப்பத்திரம் இல்லை, 'மெமோரியல்' எனப்படும் சுருக்கம். அதைத் தூக்க முடியாத கனத்தில் பெரிய பெரிய புத்தகங்களில் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். பழைய அட்டவணை இரண்டே வகை. ஒன்று எழுதிக்கொடுத்தவர் பெயர் வரிசை, இன்னொன்று இட வரிசை. எழுதி வாங்கியவருக்கு அட்டவணையே கிடையாது. துறவி எப்போதும் வாங்குகிறவர்தானே! ஆகவே இடத்தை எழுதிக்கொடுத்த மனைக்காரர் யார் என்று முதலில் பிடியுங்கள். அது தெரியவில்லையென்றால் தெருவை வைத்துப் போங்கள்.

நான்கெல்லையை விடாமல் படியுங்கள். கதவிலக்கம் வருவதற்கு முந்திய பத்திரங்களில், வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்ன பலகை தொங்கும் கடை என்றுதான் இருக்கும். மெர்ச்சன்ட்ஸ் கீ கோயிலுக்கு அமலோற்பவ அன்னை பெயர் இருந்தும் ஊரார் இன்றும் 'ஆதாம் ஏவாள்' என்றுதான் சொல்கிறார்கள். தடைக்காலத்தில் ரகசியப் பூசை நடந்த இடத்தை மறைத்திருந்த மதுக்கடையின் பெயர் அது. 'ஆதாம் ஏவாளுக்குப் போகிறேன்' என்றால் உள்ளே விடுவார்களாம். உங்கள் பத்திரத்தில் வரும் மதுக்கடையும் மதுக்கடை மட்டும்தானா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

தேதி முன்னுக்குப் பின் முரணாக வருகிறது. பிப்ரவரிக் குத்தகையிலும் அதற்கு முந்தைய நவம்பர்க் குத்தகையிலும் ஒரே வருடம் போட்டிருக்கிறது.

1752-க்கு முன் வருடப் பிறப்பு மார்ச் 25. ஆகவே நவம்பரும் அதை அடுத்து வரும் பிப்ரவரியும் ஒரே வருடம்தான். காசிலும் கவனம் வேண்டும்: 1826 வரை ஒரு இங்கிலாந்து ஷில்லிங்குக்கு 12 இல்லை, 13 ஐரிஷ் பென்ஸ்.

1829-இல்தான் கத்தோலிக்கருக்கு விடுதலை வந்துவிட்டதே, பிறகும் ஏன் தனிப் பெயர்கள்?

விடுதலை கொடுத்த அதே சட்டத்தின் பின்பகுதியைப் படியுங்கள். ஆண் துறவற சபைகளைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று இருக்கும். யாரையும் நாடு கடத்தவில்லை. ஆனால் சபைக்கென்று உயிலில் எழுதிவைத்த சொத்தை நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிடும். அதனால் மூன்று நான்கு துறவிகள் கூட்டுரிமையில் வாங்குவார்கள். ஒருவர் இறந்தால் அவர் பங்கு வாரிசுக்குப் போகாது, மீதிப் பேருக்கே சேரும். கடைசி ஆள் சாவதற்குள் புதுப் பெயர்களைச் சேர்த்துவிட வேண்டும். ஒரே கட்டடத்துக்கு விற்பனையே நடக்காமல் பத்திரம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால், காரணம் அதுதான். 1920-இன் அயர்லாந்து அரசாங்கச் சட்டத்தோடு இந்தத் தடை போயிற்று.

சென்னை ஆர்மேனியன் தெருக் கோயிலும் டப்ளின் சர்ச் தெருக் கோயிலும் சம்மனசுகளின் இராக்கினி (வானதூதர்களின் அரசியான மரியன்னை) பெயரில்தானே? தொடர்பு உண்டா?

சபைதான் தொடர்பு. மதராஸுக்கு 1642-இல் பிரெஞ்சுக் கப்புச்சின் எஃப்ரேம் வந்தார். அயர்லாந்துக் கப்புச்சின்கள் 1868-இல் தொடங்கி 1881-இல் முடித்த கோயிலுக்கும் அந்தப் பெயரே வைத்தார்கள். இரண்டுக்கும் மூலம் அசிசியில் புனித பிரான்சிஸ் தங்கிய சிற்றாலயம். அது பெனடிக்டின் துறவிகளுக்குச் சொந்தம். சும்மா வாங்க மனமில்லாமல் வருடம் ஒரு கூடை மீன் வாடகையாகக் கொடுத்தார் என்பது மரபு. இந்த மடங்களின் முதல் குத்தகை அது என்பேன், பத்திரம் கேட்காதீர்கள்.

1922-இல் எல்லாம் எரிந்துவிட்டது என்கிறார்களே?

ஜூன் 30 அன்று ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் எரிந்தது. சர்ச் தெருவுக்குப் பக்கத்திலேயே! பத்திரப் பதிவகம் வேறு இடத்தில் இருந்ததால் தப்பியது. ஆக மூலம் தொலைந்த குத்தகைக்கும் மெமோரியல் கிடைக்கலாம். ஒரே சிக்கல், குடியிருப்பவர் கையில் இடம் இருந்தால் 21 வருடத்துக்கு மேற்படாத குத்தகையைப் பதியத் தேவையில்லை. அப்படிப்பட்டதானால் மடத்துப் பெட்டியில் கிடக்கும் தாளே மிஞ்சிய ஒரே பிரதியாக இருக்கலாம்.